காய்க்கு நீங்கள், பழத்துக்கு மகள்

அன்புள்ள மகளுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதுவதை முதலில் காட்டியது என் மகள்தான். குயிலைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதிலிருந்து நானும் விடாமல் படிக்கிறேன். நீங்கள் பிள்ளை உண்டாகியிருப்பதாகப் போன மாதம் படித்ததும் ரொம்ப சந்தோஷம். என் மகளுக்கும் இது ஆறாவது மாதம். தலைப்பிள்ளை.

வீட்டில் ஒரே சண்டை. பப்பாளி சாப்பிடாதே என்றால் "ஆதாரம் இருக்கா?" என்கிறாள். கிரகணத்தன்று வெளியே போகாதே என்றேன். போய் நின்றுவிட்டு வந்தாள். வளைகாப்பு வீண் செலவு என்கிறாள். எல்லாவற்றுக்கும் உங்களைத்தான் இழுக்கிறாள். நான் 1966இல் கேகே மருத்துவமனையில் பிறந்தவள். என் அம்மா எட்டுப் பிள்ளை பெற்றவர். அவர் சொன்னதெல்லாம் பொய்யா?

வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளையின் மூளையை வளர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா? முன்னோர் செய்த ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு என்கிறார்களே. உங்கள் வீட்டில் நீங்கள் இதையெல்லாம் கடைப்பிடிக்கிறீர்களா, இல்லையா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மகளிடம் காட்ட வேண்டும்.

ம., ஈசூன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். மகள் என்னைக் காட்டி உங்களோடு சண்டை போடுகிறார். நீங்கள் என்னைக் காட்டி மகளை மடக்கப் பார்க்கிறீர்கள். நானோ ஏழு மாத வயிறும் வீங்கிய கால்களுமாகச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னை வைத்து யாரும் ஜெயிக்க முடியாது அம்மா. எங்கள் வீட்டிலேயே நான் பாதி ஆட்டம் தோற்றவள்.

முதலில் உங்கள் பிறந்த ஆண்டுக்கு ஒரு சலாம். 1966இல் கேகேயில் பிறந்த குழந்தைகள் 39,835. ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல். ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் இத்தனை பிரசவம் உலகில் வேறெங்கும் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறி, அந்தப் பெயரைப் பத்தாண்டு விடாமல் வைத்திருந்த இடம் அது. கேகே என்பது கண்டாங் கெர்பாவின் சுருக்கம், மலாயில் எருமைத் தொழுவம். தேக்காவில் மாடு கட்டிய காலத்துப் பெயர். இன்று சிங்கப்பூர் முழுவதும் சேர்த்தே ஓராண்டில் அத்தனை குழந்தைகள் பிறப்பதில்லை. உங்கள் அம்மா எட்டுப் பெற்றார். 2024 கணக்குப்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97. ஒரு வயிற்றுக்கு இத்தனை பேர் காவல் நிற்பது அதனால்தானோ என்னவோ.

உள்ளதை உள்ளபடி கேட்டீர்கள். விடியற்காலை ஐந்தரைக்குத் தோ பாயோவில் எங்கள் புளோக்குக்கு எதிர்மரத்துக் குயில் ஆரம்பித்துவிடும். ஊரில் அதைப் பாட்டு என்பார்கள், இங்கே தூக்கம் கெடுகிறது என்று புகார் எழுதுகிறார்கள். முட்டையைக் காக்கையிடம் ஒப்படைத்துவிட்டுக் கவலையில்லாமல் இருக்கும் குடும்பம் அது. குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எனக்கு அதன்மேல் பொறாமைதான். எழுந்து, சீனியில்லாமல் ஒரு தே போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் எழுதுவேன். அப்புறம் வேலை. தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து கரைப்பான் குப்பிகளைத் தொட விடாமல் கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அது ஒரே சலிப்பு.

வீட்டில் நான், கணவர், மாமியார், ஒரு பூனை. வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. அதற்கு முன்னும் எங்கள் வீட்டில் இருந்தது என்பதை இங்கே எழுதக்கூடாது, எழுதிவிட்டேன். பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னவர்கள் நிறைய. அவர்கள் பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. பயம் பொய்யில்லை. ஆனால் பூனையின் கழிவில் வரும் அதன் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் மணலை அள்ளிவிட்டால் போதும். அந்த வேலை இப்போது கணவருடையது. கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளறும்போது நான் கையுறை போட்டுக்கொள்கிறேன். பூனை இருக்கிறது.

சரி, பப்பாளி. உங்கள் மகள் ஆதாரம் கேட்டாரல்லவா, வெளியூருக்கெல்லாம் போக வேண்டாம். 2002இல் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மகப்பேற்றுத் துறையிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வு செய்த மூவரில் ஒருவர் பெயர் அடைக்கன். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதற்கு அந்தப் பெயர் ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம். அவர் வீட்டிலும் யாராவது பப்பாளியைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். சினையெலிகளுக்குப் பழுத்த பப்பாளி கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, குட்டிகள் எண்ணிக்கை குறையவில்லை. அப்புறம் எலியின் கருப்பைத் தசையைத் தனியாக எடுத்து வைத்து அதன்மேல் பழச்சாற்றை விட்டார்கள். தசை சும்மா இருந்தது. காயின் பாலை விட்டதும் இழுத்துப் பிடித்துச் சுருங்கியது, பிரசவ வலியை வரவைக்கும் ஆக்சிடோசின் கொடுத்தால் எப்படிச் சுருங்குமோ அப்படி.

எலி மனிதர் அல்ல, தனியாக எடுத்த தசை முழு உடம்பும் அல்ல. ஆனால் ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அந்தப் பால்தான் இது. காய் முற்றிப் பழுக்கப் பழுக்க அது வற்றிப்போகும். ஆகவே காய்க்கு நீங்கள் சொன்னது சரி, பழத்துக்கு மகள் சொன்னது சரி. உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை. காய்க்குச் சொன்னதைப் பழத்துக்கும் நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். நானும் தேக்கா ஈரச்சந்தையில் நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வாங்கி ஓரிரு துண்டு சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, பிள்ளை பிறந்ததும் பப்பாளிக்காயும் மீனும் போட்டு சூப் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பால் ஊறுமாம். அத்தைக்கு இதைக் கேட்டதும் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டிதான் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, கட்டிலை நகர்த்தக் கூடாது என்றவரும். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா என் கணவரைக் கூப்பிட்டு, பூச்சி புழுவைக்கூட அடிக்காதே, பிள்ளைக்கு ஆகாது என்றார். எங்கள் அத்தை கத்தியையும் கிரகணத்தையும் பார்த்துக்கொள்கிறார். அன்னாசி என்றால் மட்டும் மூன்று வீடும் ஒரே குரலில் கூடாது என்கின்றன. தொட்டிலைப் பொருத்த நாங்கள் சுத்தியல் எடுத்த அன்று கணவர் ஒவ்வொரு அடிக்கும் சுவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.

இதிலெல்லாம் நான் சண்டைக்குப் போவதில்லை. நான் சண்டை போட்டது ஒரே ஒரு விஷயத்துக்கு: "ரெண்டு உயிருக்குச் சாப்பிடு." 2009இல் தொடங்கி இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்துவரும் குஸ்டோ ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. எனக்கும் வந்துவிட்டது. குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். தாதி எண்ணைப் படித்த குரலிலேயே தெரிந்துவிட்டது. இப்போது விரல் நுனியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டுதான் சோறு. உங்கள் மகளுக்கும் இந்தச் சோதனை வரும் நேரம்தான். பப்பாளிக்காக நீங்கள் இருவரும் செலவழிக்கும் மூச்சில் பாதியைப் பாயசத்தைத் தடுக்கச் செலவழிக்கலாம்.

கிரகணத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பர் 8, இரவு 1.30 மணிக்கு நிலா முழுவதும் நிழலுக்குள் போய் 2.52 வரை, 82 நிமிடம், சிவந்து நிற்கும் என்று எனக்கு மாதக்கணக்கில் தெரியும். அலாரம் வைத்தாயிற்று. அத்தைக்கும் பஞ்சாங்கத்திலிருந்து மாதக்கணக்கில் தெரியும். அவரும் ஏற்பாடுகளை முடித்திருந்தார்: எட்டு மணிக்குள் சாப்பாடு, திரையெல்லாம் மூடல், எனக்குக் கட்டில். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சமாளிக்கவும் வழியில்லை. அந்த நேரத்தில் நிலா ஏறக்குறைய நடு உச்சியில். எந்த ஜன்னலும் எட்டாது. வெளியே போயே ஆக வேண்டும்.

கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு உதடு பிளந்து போகும் என்பதுதானே பயம். நான் அத்தையிடம் நிழல், சூரியன், பூமி என்றெல்லாம் பாடம் எடுக்கவில்லை. அது அவருக்கும் தெரியும், பள்ளிக்கூடம் போனவர்தான். அதற்கு முந்தின வாரம் எடுத்திருந்த இருபதாம் வார ஸ்கேன் படத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். மேலுதடு இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டுவது ஏழாவது வாரத்துக்குள் முடிந்துவிடும், நிறையப் பேருக்குப் பிள்ளை உண்டானதே உறுதியாகத் தெரியாத காலம் அது. இந்தப் படத்தில் பாருங்கள், உதடு மூடியிருக்கிறது. மூடின உதட்டை இனி எந்த நிலா திறக்கப் போகிறது என்றேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மூக்கு அவங்கப்பன் மூக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

ஒன்றரைக்கு நானும் கணவரும் பூனை நடை நடந்து கதவைத் திறந்தால், அத்தை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். புடவை மேல் கம்பளிச் சட்டை. "நானும் வர்றேன். தனியா விட முடியாது" என்றார்.

பல மாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்துக்குப் போனோம். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒரு பையன் தொலைநோக்கி வைத்திருந்தான். மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு விலகலில் தெரிந்தது: செங்கல் பொடியைத் தடவிய மாதிரி ஒரு நிலா. அத்தை கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம்தான் சொன்னார். 1988 மார்ச் 18 காலையில் சூரிய கிரகணம். சுமத்ரா பக்கம் முழுக் கிரகணம், இங்கே பெரும்பகுதி மறைந்தது. அவர் வயிற்றில் அப்போது ஐந்து மாதம். உள்ளே என் கணவர். அவருடைய மாமியார் விடிவதற்கு முன்பே அவரை அறையில் படுக்கவைத்து, ஜன்னலில் போர்வையைக் கட்டி, கிரகணம் விடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். கால் மரத்துப்போய் அழுதாராம். அதற்குப் பிறகு வந்த எந்தக் கிரகணத்தையும் அத்தை பார்த்ததில்லை. 2019 டிசம்பர் 26 அன்று பட்டப்பகலில் இங்கே நெருப்பு வளையம் தெரிந்தபோதுகூட உள்ளேயேதான் இருந்தார்.

"இதுக்கா என்னை அன்னிக்குப் பட்டினி போட்டாங்க?" என்றார். கோபமாக இல்லை. விலை விசாரிக்கிற மாதிரி.

உடனே அத்தை மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். விடியற்காலை மூன்று மணி. ஊற்றிக்கொண்டேன். காலையில் பொன்னமராவதித் தங்கையோடு போனில், "எங்கேயும் போகலை, கதவைச் சாத்திட்டுப் படுத்துட்டோம்" என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நான் தோசை சாப்பிட்டேன்.

குங்குமப்பூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், ஏனென்றால் இதுவரை மூன்று டப்பா வந்திருக்கிறது. பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம். தோலின் நிறத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அதில் பூவுக்குப் பங்கில்லை. ஆனால் என் எரிச்சல் அதற்கில்லை. இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையின் நிறத்தை இப்போதே திருத்த வருகிறார்களே என்பதற்கு. என் அப்பா நிறத்தில் பிறந்தால் நல்ல கருப்பாக இருக்கும். மூன்று டப்பாவும் பிரியாணிக்கு.

வளையலுக்கு வருவோம். அந்த வாட்ஸ்அப் செய்தி எனக்கும் ஐந்து பேரிடமிருந்து வந்தது. வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கத் தொடங்குவது சுமார் 24ஆவது வாரத்திலிருந்து என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டியிருக்கிறார்கள். வயிற்றுச் சுவரும் தண்ணீரும் தாண்டி உள்ளே போகும்போது கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் மங்கும், கனத்த சத்தங்கள் போய்ச் சேரும். கண்ணாடி வளையலின் கிலுகிலுப்பு கீச்சு ரகம். உள்ளே நன்றாகப் போவது தாயின் குரல், அதுவும் அவள் உடம்பு வழியாகவே போகிறது. 1980இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் வாயில் வைத்த சப்பியைச் சப்பும் விதத்தை மாற்றி, வேறொரு பெண்ணின் குரலைவிட அம்மாவின் குரலையே வரவழைத்துக் கேட்டன. ஆகவே மகள் உங்களோடு போடும் சண்டையை உள்ளே ஒருவர் ராகத்தோடு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நான் எழுதியதை வாய்விட்டுப் படித்துத்தான் திருத்துவேன். எங்கள் பிள்ளை கொசுவைப் பற்றி இரண்டு கட்டுரை கேட்டாயிற்று.

அப்படியென்றால் வளைகாப்புக்கு அறிவியல் காரணம் இல்லையா? இல்லை அம்மா. எதற்கு இருக்க வேண்டும்? பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிறோம், அதற்கு யாராவது அறிவியல் காரணம் கேட்டார்களா? பப்பாளியைப் பற்றிய பேச்சு உடம்பைப் பற்றிய பேச்சு. உடம்பில் இன்னது நடக்கும் என்கிறது, சோதித்துப் பார்க்கலாம், பார்த்தார்கள். வளையல் அப்படி எதையும் சொல்லவில்லை. பிள்ளை பெறப் போகிறவளை நடுவில் உட்கார வைத்து நாலு பேர் சந்தனம் பூசி, வளையல் போட்டு, கேலி பேசி, வகைவகையாகச் சோறு போடுகிறார்கள். அதற்கு ஒரு பொய்க்காரணத்தை ஒட்டவைத்தால், உங்கள் மகளைப் போன்றவர்கள் ஒரு நொடியில் அதைக் கிழித்துவிட்டு, வளையலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். செலவுதான் காரணமென்றால் மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மண்டபம் வேண்டாம், புகைப்படக்காரர் வேண்டாம்.

எனக்குப் போன வாரம் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. சிராங்கூன் சாலையில் வாங்கிய சிவப்பும் பச்சையும். மலாய்க்கார அக்காவும் போட்டார், சீனப் பாட்டியும் போட்டார், பாட்டி ஒவ்வொரு வளையலுக்கும் எனக்கு வலிக்கிறதா என்று கேட்டார். சர்க்கரைப் பொங்கல் எனக்கு ஒரு கரண்டி, அதையும் எண்ணித்தான் சாப்பிட்டேன்.

அத்தை மட்டும் போடவில்லை. மாமா தவறி ஆறு வருடமாகிறது. முதல் வளையலை நீங்கள்தான் போட வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டேன், கணவர் கேட்டார். கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில் நின்றவர்தானே, வருவார் என்று நம்பினேன். "வேண்டாம்மா. பிள்ளைக்கு ஒன்னு கிடக்க ஒன்னு ஆச்சுன்னா நான் ஆயுசுக்கும் தாங்க மாட்டேன்" என்றார். உதட்டுக்கு ஸ்கேன் படம் காட்டினேன். இதற்கு எதைக் காட்டுவது? விழா முழுக்கச் சமையலறையில் புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் மாற்றி மாற்றிக் கிளறிக்கொண்டு நின்றார். நான் தோற்ற ஆட்டம் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான். நீங்கள் கேட்டதில் இல்லாத ஒன்றை நான் உங்களிடம் கேட்கலாமென்றால் இதைத்தான் கேட்பேன்: உங்கள் மகளுக்கு வளையல் போட யாரைக் கூப்பிடாமல் விடப் போகிறீர்கள்?

அன்று ராத்திரி என் கை வீங்கிவிட்டது. இரண்டு வளையல் சதையைக் கவ்வி வலித்தது. அத்தை தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, மணிக்கட்டை அழுத்தி அழுத்தி, உடையாமல் அந்த இரண்டையும் கழற்றினார். கை மூளியாக இருக்கக் கூடாதென்று, மீதியிருந்ததில் பெரிய அளவாக இரண்டைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார். விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தட்டச்சு செய்யும்போது அந்த இரண்டும் மேசை விளிம்பில் இடிக்கின்றன.

மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கக்குவான் தடுப்பூசியை இங்கே 16இலிருந்து 32ஆவது வாரத்துக்குள் போடச் சொல்கிறார்கள், தாயின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், அதற்கே ஊசி போடும் வயது வரும்வரை காக்கும். மறந்திருந்தால் அடுத்த தடவை போகும்போது கேட்கட்டும். எனக்குப் பொங்கலை ஒட்டித் தேதி கொடுத்திருக்கிறார்கள். கணவருக்கு நான்கு வாரம் விடுப்பு. அதுவரை முடிந்தபோது எழுதுகிறேன், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இங்கே ஒன்றும் வராது.